துண்டை ஒழித்த நாங்கள் கிரிப்புக்குப் பயப்படுவதா?



லோன்காரரின் மோட்டார் சைக்கிள் லயத்துக்கு வரும் கிழமை இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கள் வகுப்பில் மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளை, "அம்மா வீட்ல இல்லேன்னு சொல்லச் சொன்னாங்க சேர்" என்றது. பொய் சொல்லாதே என்று படிப்பிக்கும் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

தோட்டத்துப் பெண்கள் ஊதாரிகள், அதனால்தான் கடன் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அதுவும் பேர் விழுந்தால்தான். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பேரும் இல்லை. கிழமைத் தவணை மட்டும் மழை பார்ப்பதில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் ஒழுகும் தகரத்துக்கும் வாங்கிய ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன், அதைக் கட்ட மூன்றாவது லோன். இது ஊதாரித்தனமா, சம்பளம் போதாமையா?

இப்போது வசூலுக்கு வருகிறவர்கள் புதிய ஆயுதம் ஒன்று வைத்திருக்கிறார்கள். "கிரிப்பில போட்டுடுவோம், இனி உன் பிள்ளைக்குக்கூட எந்த பேங்கிலயும் லோன் கிடைக்காது" என்கிறார்கள். இந்த ஒரு சொல்லுக்குப் பயந்து தோட்டைக் கழற்றி அடகு வைத்த அக்காமாரை எங்களுக்குத் தெரியும்.

கிரிப் என்பது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இலங்கை கொடுகடன் தகவல் பணியகம். வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் அனுப்பும் கடன் விபரங்களை அது சேர்த்து வைக்கிறது. அது யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. லோன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்வது வங்கிதான். உங்கள் கடன் உங்கள் பெயரில்தான் பதிவாகும், பிள்ளையின் பெயரில் அல்ல. பணியகத்தில் அங்கத்துவம் இல்லாத வட்டிக்காரர் அங்கே எதையும் "போட" முடியாது. லோன் கட்டத் தவறியதற்காகப் பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போகவும் முடியாது, அது சிவில் விவகாரம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டோம். நீங்கள் பிணை நின்ற கடனும் அந்த அறிக்கையில் வரும். குழுக் கடனில் ஐந்து பேர் ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போடும்போது, வாசிக்கத் தெரியாத மொழியில் இருக்கும் தாளில் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் 'துண்டு' என்று ஒரு கடதாசி இருந்தது. தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புதிய தோட்டம் கடனைக் கட்டி ஆளை எடுக்கும், கடன் மறுபடி தொழிலாளியின் தலையிலேயே ஏறும். அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துண்டில் எழுதிய கணக்கைத் தொழிலாளி தட்டிக்கேட்க முடியவில்லை. கிரிப் அறிக்கையை நீங்கள் கேட்டு வாங்கலாம், பிழை இருந்தால் திருத்தச் சொல்லலாம். அந்த உரிமையைப் பாவிக்காமல் விட்டால் இதுவும் துண்டுதான்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். அடையாள அட்டையைக் காட்டி, கட்டணம் செலுத்தி உங்கள் அறிக்கையைக் கேளுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு கடனையும் உங்கள் தவணை அட்டையோடு, பற்றுச்சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வாங்காத கடனோ கட்டி முடித்த கடனோ நிலுவையாக இருந்தால் அந்த நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் கையில் காசு கொடுக்காதீர்கள். கட்டி முடித்ததும் முடித்ததற்கான கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய கடனைக் கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்ட முடியாவிட்டால் தவணையைக் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். இன்னொரு லோன் எடுத்து இதை மூடாதீர்கள்.

சங்கத்தின் மீதும் குற்றம் உண்டு. சம்பளம் சங்கத்து விஷயம், கடன் வீட்டு விஷயம் என்று நாங்களும் பேசாமல் இருந்தோம். 2021இல் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளியவில்லை. நாங்கள் மட்டும் ஏன் ஒளிய வேண்டும்?

எங்கள் கோரிக்கைகள்: கடன் ஒப்பந்தம் தமிழில் வேண்டும். சட்டப்படி அனுமதிப் பத்திரம் பெற வேண்டிய நிறுவனம் அதைக் காட்டாமல் லயத்துக்குள் வரக்கூடாது. இருட்டிய பின் வசூல் கூடாது. பிள்ளைகள் முன்னால் தாயை ஏசக்கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கடன் வாங்காமல் மாதத்தை ஓட்டக்கூடிய சம்பளமும் வேலை நாட்களும் வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்குத் தவணை அட்டையையும் கையிலுள்ள கடிதங்களையும் கொண்டு வாருங்கள். கூச்சப்பட வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம், கடிதம் எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். மோட்டார் சைக்கிள் வரும் கிழமையில் ஒரு தாயைத் தனியாக நிற்க விடமாட்டோம்.