ஓடாத டெஸ்ட் பாஸ் ஆகாது சாமியோவ்!

பி.காம். படித்துவிட்டு பேங்கில் குப்பை கொட்டுகிறவனுக்குக் கம்பைலர் பற்றி என்ன தெரியும் என்று பொட்டி தட்டும் கண்மணிகள் சண்டைக்கு வரலாம். வாங்க, வாங்க. மும்பைக்கு மாற்றிய கையோடு, பழைய கோபால் மொழி புரோகிராம்களை என் தலையில் கட்டிவிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த ஜிசிசி 15-ல் கோபாலும் சேர்ந்தாயிற்று. அதை நம்பி வட்டி போடலாமா என்று பார்க்க, முதலில் அதன் டெஸ்ட்களை ஓட்ட வேண்டும்.

வெண்டார் தம்பி ரிப்போர்ட்டோடு வந்தார். "சார், ஒரு ஃபெயில்கூட இல்லை!"

வாஸ்தவம். ஒரு பாஸும் இல்லை! ரன்டெஸ்ட்ஃபிளாக்ஸில் கொடுத்த ஃபைல் பெயரில் ஓர் எழுத்து பிசகு. அந்தப் பெயரில் எதுவும் இல்லாததால், டெஸ்ட்களை ஓட்டும் டெஜாக்னு எதையும் ஓட்டாமல், சம்மரி என்று தலைப்பு மட்டும் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாக முடித்துக்கொண்டது.

தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. "மேனுவலைப் படிக்க வேண்டியதுதானே" என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்களே, அவர்கள் மேல்தான். வவுச்சரே போடாத நாளில் டிரையல் பேலன்ஸ் டாலி ஆகத்தான் செய்யும். அதை நீட்டிக் கையெழுத்து கேட்டால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

"ஒரே ஆப்ஷன் சி, சி ப்ளஸ் ப்ளஸ் என்று எல்லாத் தொகுப்புக்கும் போகும். பொருந்தாதது பேசாமல் இருப்பதுதான் சரி" என்பார்கள். சரி, தனித்தனியே பேசாமல் இருக்கட்டும். மொத்தமும் பூஜ்யம் என்றால்? அப்போதாவது எர்ரர் போட்டுக் கத்த வேண்டாமா?

கத்தும் வரை நாம்தான் உஷாராக இருக்கவேண்டும்.

ஃபெயில் எத்தனை என்பதற்கு முன் பாஸ் எத்தனை என்று பாருங்கள். அன்சப்போர்ட்டட் என்று வருவது பாஸ் கணக்கில் சேராது.

'மேக்'குக்கு மைனஸ் கே கொடுங்கள். இல்லாவிட்டால் பாதியில் எர்ரர் வந்ததும் நின்றுவிடும், மீதி ஓடியிருக்காது.

டார்கெட் போர்டில் 32 பிட், 64 பிட் இரண்டையும் நெளிவு அடைப்புக்குள் கொடுத்தால், அடைப்புக்கு முன் பேக்ஸ்லாஷ் போடுங்கள். இல்லாவிட்டால் ஷெல் நடுவில் புகுந்து குட்டையைக் குழப்பும்.

போன தடவை வந்த சம் ஃபைலோடு ஒப்பிடுங்கள். அதற்கென்றே ஜிசிசியின் கான்ட்ரிப் ஃபோல்டரில் கம்பேர் டெஸ்ட்ஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது.

காலி ரிப்போர்ட்டை நம்பி வட்டி தப்பாகப் போனால், கவுன்டரில் திட்டு வாங்கப்போவது டெஜாக்னு இல்லை.

டிஸ்கி: பின்னூட்டத்தில் திட்ட வருபவர்கள் எத்தனை டெஸ்ட் ஓடியது என்று எண்ணிக்கையோடு வரவும் :-)