கலாட்டாப் பாலமும் நாட்டாமியும்

இஸ்தான்பூல் போய் வரும் நம்மவர்களின் பயணக் கட்டுரைகளில் கலாட்டாப் பாலம் (சிரிக்க வேண்டாம், அது இடத்தின் பெயர்) தவறாமல் வருகிறது. தூண்டில்காரர்கள், மினாராக்கள், கூடவே ‘உஸ்மானியர் கட்டிய பாலம்’ என்ற புளகாங்கிதம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலாவது, இவர்கள் நின்று படம் பிடிப்பது உஸ்மானியர் காலத்துப் பாலமே அல்ல. 1912இல் திறக்கப்பட்டு மிதவைகள் மேல் கிடந்த 466 மீற்றர் இரும்புப் பாலம் 1992 மே மாதம் தீயில் சேதமானது. அதைக் கட்டியதும் ஒரு ஜெர்மன் கம்பனிதான்.

ஆண்டுக் கணக்கை விடுவோம். அதே துறைமுகத்தில் 1845இல் சுல்தான் அப்துல் மஜீதின் தாயார் மரப்பாலம் ஒன்றை அமைப்பித்தார். முதல் மூன்று நாட்கள் இலவசம். பிறகு சுங்கம். வெறுங்கையோடு நடப்பவனுக்கு 5 பாரா. முதுகில் சுமையோடு வருபவனுக்கு 10. புறக்கோட்டையில் நாட்டாமி என்கிறோமே, அவனுக்குத்தான் இரட்டிப்பு. படையினருக்கும் மதகுருமாருக்கும் காசில்லை! மரம் இரும்பாயிற்று, சுல்தான்கள் போய்க் குடியரசும் வந்தது. வெள்ளைச் சீருடைக்காரர்கள் பாலத்தின் இரு முனையிலும் நின்று சுங்கம் வாங்குவது மட்டும் 1930 மே 31 வரை ஓயவில்லை.

85 வருடங்கள். சுல்தானின் தாயாருக்கு இரண்டு பந்தி ஒதுக்கும் நமது கட்டுரையாளர்கள் அந்த நாட்டாமிக்கு ஒரு வரி கொடுத்ததை நான் இன்னும் வாசிக்கவில்லை.