டிடெக்ட் ஆகல... அப்புறம்?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் மூன்று தடவை கேட்டுவிட்டார். எனக்குக் கவிதை வராது. நிலாவுக்கும் நட்புக்கும் நம் மலரில் ஏற்கெனவே போதுமான ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு ஹார்டு டிஸ்க் விவகாரம்தான். அதை வைத்து நம் லேபோடு ஒரு சண்டையும் பாக்கி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே!

என் அப்பா கொத்தனார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் டிப்ளமோ சேர்ந்து ஒரு வருடம் வரை வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. "கொத்துக்கரண்டி இல்லாம கொத்து வேலை படிக்கிற மாதிரியில்ல இருக்கு" என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஒருநாள் அவர் பூச்சு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஆபீஸைக் காலி செய்தார்கள். பழைய சிஸ்டம் ஒன்றை 3,500 ரூபாய்க்குப் பேசி, சிமென்ட் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். ஐம்பதில் வைத்துக் கொண்டுவந்தார். கோர் 2 டுயோ, 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அன்று ராத்திரி எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

அதில் புது விண்டோஸ் ஏறாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. ராம் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் ஃபைனல் இயர் அண்ணன் ஒருவர் பென் டிரைவோடு வீட்டுக்கு வந்து டெபியன் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அம்மா போட்ட டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நன்றாக ஓடியது. மறுநாள் காலேஜில் பென் டிரைவை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். சாயந்திரம் வந்து சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை! 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று ஒரே ஒரு வரி.

பஸ்ஸில் மடியில் வைத்து டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஆன் செய்தார், ஒரு கீயை அழுத்தினார், அரை நிமிடம் பார்த்தார். "டிடெக்ட் ஆகல தம்பி. டிஸ்க் போயிடுச்சு. எஸ்.எஸ்.டி. போட்டுக்கோ, 1,800 ஆகும்." 1,800 ரூபாய் என்றால் அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பத் தூக்கி வந்துவிட்டேன். வீட்டில் அப்பா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "நேத்து ஓடுனது இன்னிக்கு எப்படிடா சாகும்? சுவத்துல விரிசல் வுட்டா இடிச்சிட்டா கட்டுவோம்? எங்கேருந்து வருதுன்னு கீழ தோண்டிப் பாப்போம்ல?"

ஒரு வாரம் கழித்து பென் டிரைவ் அண்ணன் என்னைப் பிடித்தார். "டேய், என் பென் டிரைவை என்னடா பண்ணுன? எங்க வீட்டு சிஸ்டத்துல சொருகி பூட் பண்ணுனா கிரப் ரெஸ்க்யூன்னு வந்து நிக்குது." கிரப் என்பது லினக்ஸை எழுப்பி விடுகிற புரோகிராம். அது என் டிஸ்க்கில் அல்லவா இருக்க வேண்டும்? அவர் பென் டிரைவில் அதற்கு என்ன வேலை? அப்போதுதான் மண்டையில் ஏதோ உறைத்தது.

அன்று ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். முதன்முதலாகக் கழற்றினேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன். டிஸ்க்கிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் சிவப்பு சாட்டா கேபிள் பாதி வெளியே வந்து தொங்கியது. பஸ் குலுக்கலில் கழன்றிருக்க வேண்டும். இரண்டு முனையையும் அழுத்திச் செருகி, பயாஸுக்குள் போனால் 320 ஜி.பி. டிஸ்க் பெயரோடு நிற்கிறது! ஆக, கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தபோது டிஸ்க் நிஜமாகவே தெரிந்திருக்காது. ஆனால் தெரியவில்லை என்பதும் செத்துவிட்டது என்பதும் ஒன்றா? ஒரு விரலால் கேபிளை அழுத்திப் பார்க்காமலே சாவு சொல்லிவிட்டார்.

சரி, டிஸ்க் வந்துவிட்டது, லினக்ஸ் வந்ததா? வரவில்லை. அதே கறுப்புத் திரை, அதே வரி. ஏனென்றால் ஆரம்பத்தில் வந்த கோளாறு வேறு, பஸ்ஸில் சேர்ந்துகொண்ட கோளாறு வேறு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நாம் டிடெக்ட் ஆகல என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. முதலில் டிஸ்க்குக்குக் கரண்ட் போக வேண்டும். காதை வைத்துக் கேட்டாலே சுற்றும் சத்தம் தெரியும். அப்புறம் பயாஸ் அதைப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்த டிஸ்க்கின் முதல் செக்டாரை பயாஸ் எடுத்து ஓட்ட வேண்டும். பழைய சிஸ்டங்களில் அந்த முதல் செக்டார் 512 பைட். அதில் பூட் கோடுக்கு இருக்கும் இடம் வெறும் 446 பைட். அங்கே ஒன்றும் இல்லை என்றால் டிஸ்க் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் பயாஸ் கையை விரித்துவிடும். கடைசியில் லினக்ஸின் கெர்னலும் தன் பங்குக்கு டிஸ்க்கைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் எந்தப் படியில் நின்றது என்பதுதான் கேள்வி. அதைக் கேட்காமல் டிஸ்க்கை மாற்றச் சொல்வது, பல்பு எரியவில்லை என்றால் வீட்டை மாற்றச் சொல்வது மாதிரி.

என் கதையில் நடந்தது இதுதான். பென் டிரைவிலிருந்து இன்ஸ்டால் பண்ணும்போது லினக்ஸ் அந்தப் பென் டிரைவுக்கு எஸ்.டி.ஏ. என்றும், ஹார்டு டிஸ்க்குக்கு எஸ்.டி.பி. என்றும் பெயர் வைத்திருக்கிறது. கிரப்பை எங்கே எழுதட்டும் என்று இன்ஸ்டாலர் கேட்டபோது, ஏ-தானே முதல் டிஸ்க் என்று நாங்கள் எஸ்.டி.ஏ.வைக் கொடுத்துவிட்டோம். லினக்ஸ் முழுக்க என் டிஸ்க்கில், சாவி மட்டும் அண்ணன் பாக்கெட்டில்! மறுநாள் அந்தப் பென் டிரைவை வாங்கிவந்து செருகினேன். என் டெபியன் அப்படியே எழுந்து வந்தது. டெர்மினலில் எல்.எஸ்.பி.எல்.கே. கட்டளை கொடுத்து எது எந்த டிஸ்க் என்று அளவை வைத்து நிச்சயம் பண்ணிக்கொண்டு, கிரப்-இன்ஸ்டால் கட்டளையை ஹார்டு டிஸ்க் பெயருக்குக் கொடுத்தேன். அப்டேட்-கிரப் கொடுத்தேன். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். வந்தது! அப்பா தூக்கத்திலிருந்து எழுந்து "என்னடா சத்தம்" என்றார்.

கரண்ட் போய் வந்தால் தேதி 2009 ஜனவரிக்குப் போய்விடுவதும், வெப்சைட் எல்லாம் திறக்க மறுப்பதும் தனிக் கதை. மதர்போர்டில் இருக்கும் 2032 வட்ட பேட்டரி தீர்ந்திருந்தது. அது தீர்ந்தால் பயாஸில் நாம் வைத்த பூட் வரிசையும் மறந்துபோகும். 30 ரூபாய் பேட்டரி. மொத்தச் செலவு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிட்டது, வகுப்பில் யாருக்கு டிஸ்க் தெரியாவிட்டாலும் என்னைத் தேடுகிறார்கள். ஒரு நண்பனின் லேப்டாப்பில் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை. பயாஸில் ரெய்டு என்று இருந்ததை ஏ.ஹெச்.சி.ஐ. ஆக மாற்றியதும் தெரிந்தது. (உள்ளே விண்டோஸ் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இப்படி மாற்றாதீர்கள், அது எழுந்திருக்காமல் போகலாம்.) இன்னொருவனுடையது நிஜமாகவே செத்த டிஸ்க். டக் டக் என்று அடித்துக்கொண்டது, ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் படிக்க முடியாத செக்டார்கள் குவிந்திருந்தன. அவனிடம் மறைக்காமல் சொல்லிவிட்டேன், புதுசு வாங்கு என்று. எல்லா டிஸ்க்கும் பிழைக்கும் என்று நான் வாதாட வரவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். லேபின் பின்னறையில் எத்தனை சி.பி.யூ. அடுக்கிக் கிடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போனபோது எண்ணினேன். பதினொன்று. அதில் ஏழின் மேல் ஹெச்.டி.டி. நாட் டிடெக்டெட் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறது. ஏலத்துக்குப் போகக் காத்திருக்கின்றன. எந்தப் படியில் டிடெக்ட் ஆகவில்லை? யாரும் எழுதவில்லை. நமக்கு ஹார்டுவேர் சர்வீஸிங் பிராக்டிக்கல் உண்டு. அதில் ஹார்டு டிஸ்க்கின் படத்தைப் பென்சிலால் வரைந்து பாகங்களைக் குறிக்கிறோம், முழு மார்க் வாங்குகிறோம். என் வகுப்பில் பாதிப் பேர் ஒரு சி.பி.யூ. மூடியைக் கழற்றியதில்லை. நான் கழற்றியது கூட என் வீட்டில்தானே தவிர இங்கே இல்லை!

லேப் பொறுப்பாளரிடம் மரியாதையாகவே கேட்டேன் ஐயா, அந்த ஏழையும் எங்களிடம் விடுங்கள் என்று. ராம் காணாமல் போகும், ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது, ஆடிட்டில் மாட்டுவது அவர்தான். ஆனால் அந்த பயத்துக்கு விலை யார் கொடுப்பது? படிப்பு முடித்து நாம் போய் உட்காரப்போவது பெரும்பாலும் சர்வீஸ் கவுண்டர்களில். அங்கே ஒரு கொத்தனார் மகன் மடியில் சுமந்துகொண்டு வருவான், நாமும் அரை நிமிடம் பார்த்துவிட்டு 1,800 என்போம்.

2011-இல் தொடங்கி அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கியது அது. எங்கள் ஊரிலேயே அந்த லேப்டாப்கள் நாலைந்து டிஸ்க் போச்சு என்ற தீர்ப்போடு பரண்மேல் கிடக்கின்றன. அதில் எத்தனைக்கு நிஜமாகவே டிஸ்க் போயிருக்கும்?

லினக்ஸை எழுதிய லீனஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், வயது 21. அதை முதன்முதலில் அறிவித்தபோது, ஏ.டி. வகை ஹார்டு டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் அநேகமாக இது ஓடாது, என்னிடம் இருப்பது அதுதான் என்ற பொருளில் எழுதியிருந்தார். கையில் இருந்த டிஸ்க்கை வைத்துத்தான் ஆரம்பித்திருக்கிறார். நமக்குக் கையிலேயே ஏழு இருக்கிறது, பூட்டு போட்டு!

ஆகவே சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை வைக்கப் போகிறேன். ஏலத்துக்கு முன் வாரம் ஒரு மதியம் அந்த அறை திறக்கட்டும். ராம், டிஸ்க் எல்லாவற்றின் சீரியல் நம்பரையும் முதலில் எழுதி நாங்களே கையெழுத்துப் போடுகிறோம். குறைந்தால் எங்கள் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளட்டும். ஒவ்வொரு பெட்டியின் மேலும் எந்தப் படியில் நின்றது, எதைச் சோதித்தோம் என்று எழுதி ஒட்டுகிறோம். செத்ததைச் செத்தது என்றே எழுதுவோம். கை தூக்க ஆள் வேண்டும், வந்துவிடுங்கள். ஸ்குரு டிரைவரும் மூன்று சாட்டா கேபிளும் என்னிடம் இருக்கின்றன. யாராவது இரண்டு 2032 பேட்டரி மட்டும் வாங்கி வாருங்கள்.