ஸ்டெல்லா இல்லாட்டி பாரை கடிக்காதா?



கிண்ணியாப் பாலத்தில தூண்டல் போடுற தம்பிமாருக்கும், பக்கத்தில நின்டு "என்ன ரீல்டா இது, விளையாட்டுச் சாமானா?" என்று நக்கலடிக்கிற காக்காமாருக்கும்தான் இந்தப் பதிவு.

போன கிழமை என்னிடம் படிச்ச பொடியன் ஒருவன் வந்தான். ஓஎல் முடிச்சு கடையொன்றில நிற்கிறான். உம்மாட காப்பை அடகு வெச்சு ஷிமானோ ஸ்டெல்லா வாங்கப் போறானாம். ஏன்டா என்று கேட்டா, "நல்லத ஒரே தடவ வாங்கினா ஆயுசுக்கும் கிடக்குமாம் சேர், அவங்க சொன்னாங்க." அந்த அவங்க ஒருத்தரும் வட்டி கட்ட வரமாட்டாங்க.

ஸ்டெல்லா பொய்ச் சாமான் இல்லை. 1992ல இருந்து வருது. கியரை அலுமினியத்தை அமுக்கி அடிச்சுச் செய்றாங்க, லேசில தேயாது. போட்டில ஆழக்கடலுக்குப் போய் பெரிய பாரை, சூரை அடிக்கிற ஆளுக்கு அது வேணும். ஆனா கடலுக்கு அடிக்கிற பெரிய மொடல் இன்றைய டொலர் விலையில மூன்று லட்சத்தைத் தாண்டும். பாலத்தில நின்டு ஓராவுக்கும் கொடுவாவுக்கும் போடுற உனக்கு எதுக்குடா அது?

அதுக்காக கிடைக்கிற மலிவை வாங்கு என்று சொல்ல வரல்ல. பேர் தெரியாத ரீல் பெட்டியில "13+1 பெயரிங்" என்று கொட்டை எழுத்தில கிடக்கும். எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீங்க. உள்ள இருக்கிற கியர் பெரும்பாலும் நாகக் கலவையை அச்சில ஊத்தினது. நானும் ஒருக்கா அப்படி ஒன்டு வாங்கினேன். மூணாவது கிழமை பாரை இழுக்க, கைபிடி பின்னுக்குச் சுத்தி விரல்ல அடிச்சுது. மீனும் போச்சு, தங்கூசியும் போச்சு. விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் ஏமாந்த கதை இது, சிரிச்சிட்டுப் போங்க.

நம்மட ஊரில ரீலைக் கொல்றது உப்பும் மணலும். மூன்று லட்சத்து ரீலையும் மணல்ல வெச்சிட்டு, கழுவாம மோட்டார் சைக்கிள் பெட்டியில போட்டா அதுவும் கரகரக்கும். வீட்டுக்கு வந்ததும் ட்ரெக்கை இறுக்கிட்டு நல்ல தண்ணியை மெதுவா ஊத்துங்க. இறுக்காட்டி தண்ணி வாஷருக்குள்ள போகும். காஞ்ச பிறகு ட்ரெக்கைத் தளர்த்தி வைங்க, இல்லாட்டி வாஷர் அமுங்கிப் போகும். பைப்பைத் திறந்து வேகமா அடிக்கவே வேணாம், உப்பை உள்ளுக்குத் தள்ளிவிடும்.

வாங்கத்தான் வேணுமென்டா, உதிரிப்பாகம் கிடைக்கிற கம்பனியில நடுத்தரமா ஒன்டு எடுங்க. பென் பெட்டில் மாதிரி: உடம்பு உலோகம், ட்ரெக் வாஷர் கார்பன். அதுக்கும் காசு இல்லையா? பொறு. சேர்த்து வாங்கு. 2009ல பாலம் திறக்க முதல், பாதையில ஏறி ஆத்தைக் கடந்த காலத்தில போத்தல்ல தங்கூசி சுத்திப் பிடிச்ச மூத்தவங்க இன்னும் அந்தப் பாலத்திலதான் நிற்கிறாங்க. அவங்கட கூடையை எட்டிப் பாருங்க, பிறகு நக்கலடிங்க.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாலத்தடியில நிற்பேன். கரகரக்கிற ரீல் இருந்தா கொண்டு வாங்க, கழட்டிப் பார்ப்பம். கிரீஸ் என்னிடம் இருக்கு. அந்தப் பொடியனும் வாறான், காப்பு இன்னும் உம்மாட கையிலதான்.