புல் பெருத்தது! சத்து சிறுத்தது!

வயிறு நிறையத் தின்றும் உடம்பில் சத்து ஏறவில்லை. இப்படி ஒரு விந்தையான பஞ்சத்தில் பூச்சி இனங்கள் சிக்கி இருக்கின்றன.

புல்லுக்குப் பஞ்சம் இல்லை. பூவுக்கும் பஞ்சம் இல்லை. அவற்றில் உள்ள சத்துதான் குறைந்து வருகிறது. இதற்கு ஒரு முக்கிய காரணம், காற்றில் பெருகி வரும் கரியமில வாயு!

ஏறும் கணக்கு

நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவை எரியும்போது கரியமில வாயு வெளியாகிறது.

1958-ம் ஆண்டில் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி, ஹவாய்த் தீவில் உள்ள மவுனலோவா மலையில் இதை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு சுமார் 315 பங்கு இருந்தது. 2024-ம் ஆண்டில் அது 420 பங்கைத் தாண்டி விட்டது.

பாலில் தண்ணீர்

"கரியமில வாயு செடிகளுக்கு உணவு ஆயிற்றே! அது கூடினால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கக் கூடும்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. கரியமில வாயுவையும் தண்ணீரையும் கொண்டு, வெயிலின் உதவியால் செடி சர்க்கரையைத் தயாரிக்கிறது. வாயு கூடினால் சர்க்கரையும் மாவும் கூடும். செடி மளமளவென்று வளரும்.

ஆனால் தழைச் சத்து, மணிச் சத்து, சாம்பல் சத்து முதலியவை மண்ணில் இருந்து வேர் வழியாக வர வேண்டும். மண் அவற்றைக் கூடுதலாகக் கொடுப்பது இல்லை. பாலில் தண்ணீர் கலந்தால் அளவு கூடும், சத்து குறையும் அல்லவா? செடியிலும் அதுவே நடக்கிறது.

குறைந்த வெட்டுக்கிளிகள்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தில் கொன்சா என்ற பெரிய புல்வெளி இருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே உழவு இல்லை. பூச்சி மருந்தும் இல்லை. ஆனாலும், இருபது ஆண்டுகளில் வெட்டுக்கிளிகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்து விட்டன!

இதை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 2020-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். முப்பது ஆண்டுகளில் புல்லின் அளவு இரு மடங்கு ஆகி இருந்தது. ஆனால் புல்லில் இருந்த தழைச் சத்து 42 சதவிகிதமும், மணிச் சத்து 58 சதவிகிதமும், சாம்பல் சத்து 54 சதவிகிதமும் குறைந்து இருந்தன. வெட்டுக்கிளிகள் குறைந்ததற்குப் பருவநிலை மாறுதல்களும் ஒரு காரணம். சத்துக் குறைவு மற்றொரு காரணம்.

தேனீயின் உணவு

தேனீக்களுக்கும் இதே கதிதான்.

அமெரிக்காவில் "கோல்டன்ராட்" என்று ஒரு செடி உண்டு. குளிர் காலத்துக்கு முன்பு கொத்துக் கொத்தாக மஞ்சள் நிறத்தில் பூக்கும். அதன் மகரந்தத்தைத் தின்றுதான் பல தேனீக்கள் குளிர் காலத்தைத் தாங்கும் வலுவைப் பெறுகின்றன.

அங்குள்ள ஸ்மித்சோனியன் பொருட்காட்சிச் சாலையில், 1842-ம் ஆண்டு முதல் உலர்த்தி வைக்கப்பட்ட கோல்டன்ராட் பூக்கள் இருக்கின்றன. அவற்றை 2014-ம் ஆண்டின் பூக்களோடு விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகரந்தத்தில் 18 சதவிகிதமாக இருந்த புரதச் சத்து, 12 சதவிகிதமாக இறங்கி இருந்தது.

கரியமில வாயு கூடுதலாக உள்ள காற்றில் அதே செடியை வளர்த்தும் பார்த்தார்கள். அதன் மகரந்தத்திலும் புரதம் குறைந்தது.

சோற்றிலும் குறையும்

மனிதர்களும் இதற்குத் தப்ப முடியாது. சீனாவிலும் ஜப்பானிலும் வயல்களில் கரியமில வாயுவைக் கூடுதலாகச் செலுத்தி 18 நெல் ரகங்களைச் சோதித்தார்கள். 2018-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. அரிசியில் புரதம் சராசரியாக 10 சதவிகிதமும், இரும்புச் சத்து 8 சதவிகிதமும், துத்தநாகச் சத்து 5 சதவிகிதமும் குறைந்து இருந்தன. தினமும் மூன்று வேளையும் சோற்றையே நம்பி இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு இது சிறிய நஷ்டம் அல்ல.

என்ன வழி?

வெட்டுக்கிளி குறைந்தால், அதைத் தின்னும் பறவைக்கு இரை குறையும். தேனீ நலிந்தால், தோட்டத்தில் காய் பிடிப்பது குறையும்.

வயலில் சத்து குறைந்தால் விவசாயி உரம் போடலாம். காட்டுக்கும் மேய்ச்சல் வெளிக்கும் யார் உரம் போடுவது? நிலக்கரியும் எண்ணெயும் எரிவதைக் குறைப்பதுதான் இதற்கு மருந்து.