முதிர்ந்த குரலும் பழைய பாடல்களும்

ரோஸ்மேரி க்ளூனி என்றதும் 1951இல் வெளிவந்த 'கம் ஆன்-அ மை ஹவுஸ்' பாடலையே பலரும் நினைவுகூர்வர். எழுத்தாளர் வில்லியம் சரோயன் தம் உறவினர் ராஸ் பக்தசாரியனுடன் சேர்ந்து எழுதிய பாடல் அது. க்ளூனிக்கு அது பிடிக்கவில்லை. கொலம்பியா நிறுவனத் தயாரிப்பாளர் மிட்ச் மில்லரின் வற்புறுத்தலால் பாடினார். பெரும்புகழ் அதனால்தான் வந்தது.

ஆயினும் அவருடைய மிகச்சிறந்த பாடல்கள் அதற்குக் கால் நூற்றாண்டு கழித்துப் பதிவானவை என்பதே என் எண்ணம். 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்ட இரவில் க்ளூனியும் அதே விடுதியில் இருந்தார். அதையடுத்து மனநலம் குலைந்து, மெல்ல மீண்டார். 1977 முதல் கான்கார்ட் ஜாஸ் நிறுவனத்துக்காகப் பாடினார். கோல் போர்ட்டர், ஹெரால்ட் ஆர்லன், இர்விங் பெர்லின் என ஒவ்வொருவருக்கும் ஓர் இசைத்தொகுப்பு. உடன் வாசித்தது ஸ்காட் ஹாமில்டனின் டெனர் சாக்ஸஃபோன் முதலிய சில வாத்தியங்களே.

குரல் தடித்துவிட்டது, மூச்சு குறைந்துவிட்டது என்பார்கள். உண்மைதான். ஆனால் நீட்டிப் பாட முடியாதவர் சொல்லை நம்புகிறார். பேசுவதுபோல் வரியைத் தொடங்கி, பொருள் முடியும் இடத்திலேயே மூச்சு வாங்குகிறார். இசையமைப்பாளர் பெயரில் தொகுப்பதே பெருவழக்காயிருக்க, பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வினுக்கென்றே ஒரு தொகுப்பு பாடியவர் அவர். அதில் வியப்பில்லை.

2002இல் அவர் மறைந்தார். இளமைக் குரலை மட்டுமே கேட்டிருக்கும் நண்பர்கள், இர்விங் பெர்லின் தொகுப்பை ஓர் இரவு தனியே கேட்டுவிட்டு வாருங்கள். பிறகு வாதிடலாம்.