டாங்கிக்கு டைட்டானியச் சட்டையா?

"நம்ம கடற்கரை மணலிலேயே டைட்டானியம் கொட்டிக் கிடக்கு. அப்புறம் ஏன் ராணுவ டாங்கியை இன்னும் இரும்பிலேயே செஞ்சு எடையை ஏத்துறாங்க?" வாட்ஸ்அப்பில் யாராவது இதை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே "சதி" என்று ஒரு வரி வேறு. முப்பது வருஷம் தடித்த தகடுகளை வெட்டியும் வெல்டிங் வைத்தும் பிழைத்தவன் நான். சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அவர்கள் பக்க நியாயம். எஃகு ஒரு கன சென்டிமீட்டர் 7.8 கிராம். டைட்டானியம் 4.5 கிராம்தான். பலமும் உண்டு, துருவும் பிடிக்காது. அர்ஜுன் மார்க் 1ஏ 68 டன். அதைத் தாங்கப் பாலம் வேண்டும், ஏற்றிப்போக டிரெய்லர் வேண்டும். எடை குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால், அதே குண்டைத் தடுக்க டைட்டானியத் தகடு எஃகைவிடச் சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும். ஆகவே காகிதத்தில் தெரியும் லாபம் முழுதாகக் கைக்கு வராது. பலத்த அடி விழும்போது தகட்டின் உள்பக்கம் சில்லு சில்லாகத் தெறிக்கும் குணமும் அதற்கு உண்டு. உள்ளே இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

அடுத்து, மணல் வேறு, உலோகம் வேறு. மணவாளக்குறிச்சியிலும் சவராவிலும் எடுக்கும் இல்மனைட்டை குளோரினோடு வினைபுரியவைத்து, மக்னீசியத்தால் பிரித்து, கடற்பஞ்சு மாதிரி ஒரு கட்டியாக எடுத்து, வெற்றிடத்தில் மறுபடி உருக்கினால்தான் உலோகம் கிடைக்கும். எஃகு மாதிரி ஆறாக ஓடாது. உலகில் எடுக்கும் டைட்டானியத் தாதுவில் பெரும்பகுதி வெள்ளைப் பெயிண்டுக்குத்தான் போகிறது. சவராவில் 2011-ல் தொடங்கிய ஆலையின் திறன் ஆண்டுக்கு 500 டன். ஒரு டாங்கிக்கு 20 டன் என்று வைத்துக்கொண்டாலும், துளி சேதாரமில்லாமல் 25 டாங்கிக்குத்தான் வரும். அப்புறம் ராக்கெட்டுக்கு என்ன செய்வது?

மூன்றாவது, என் தொழில். சூடான டைட்டானியம் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். வெல்டிங்கின் முன்பக்கம், பின்பக்கம், ஆறிக்கொண்டிருக்கும் இடம் என எல்லாவற்றையும் ஆர்கான் வாயுவால் மூடவேண்டும். ஜாயின்ட் வெள்ளி மாதிரி மின்னினால் நல்லது. நீலமோ சாம்பலோ ஆனால் வெட்டி எறிய வேண்டியதுதான். சண்டையில் அடிபட்ட வண்டியைப் பாலைவனத்தில், புழுதிக் காற்றில், இப்படியா ஒட்டுவார்கள்? எஃகென்றால் அங்கேயே பட்டி போட்டு ஓட்டிவிடலாம்.

டைட்டானியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடம் பார்த்துப் போடச் சொல்கிறேன். அமெரிக்கர்கள் பிராட்லி வண்டியில் கமாண்டரின் மேல்மூடியை அதில் செய்தார்கள். வண்டி முழுவதையும் அல்ல. ஏ-10 விமானத்தில் விமானியைச் சுற்றி ஒரு தொட்டி மாதிரி வைத்தார்கள். நாம் 2016-ல் 145 வாங்க ஒப்பந்தம் போட்ட எம்777 பீரங்கியில் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். பழைய எம்198 சுமார் 7 டன், இது 4.2 டன். ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு மலைமேல் கொண்டுபோகலாம். அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் கொடுத்த காசு தகும்.

டாங்கியின் எடையைக் குறைக்க வேறு வழிகள் உண்டு. அர்ஜுனின் காஞ்சன் கவசம் மாதிரிப் பல அடுக்குக் கவசத்தை மெருகேற்றுங்கள். மலைக்கு வேண்டுமானால் ஜோராவர் மாதிரி 25 டன்னில் தனியாக ஒன்றைச் செய்யுங்கள்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள்.